ஆலைக்கு லைசென்ஸ் உண்டு, ஆற்றுக்கு யார் காவல்?

தோழர்களே, 1970களில் பிறைத் தொழிற்சாலைக் கழிவு ஜூரு ஆற்றில் கலந்து, கோலா ஜூரு மீனவர் வயிற்றில் அடித்தது பினாங்குப் பெரியவர்களுக்கு மறக்காது. நாட்டின் செம்பனை ஆலைகளும் அப்போது சும்மா இல்லை. பழுப்புக் கழிவை ஆற்றிலேயே விட்டன. அது தண்ணீரிலுள்ள பிராணவாயுவைக் குடித்துவிடும். மீன் செத்து மிதக்கும்.

1977-ல் விதி வந்தது: லைசென்ஸ் இல்லாமல் ஆலை ஓடக்கூடாது. ஆற்றில் விடும் ஒரு லிட்டர் கழிவு 1978-ல் 5,000 மில்லிகிராம் பிராணவாயு வரை குடிக்கலாம், 1984-ல் 100தான். முதலாளிமார் குளம் வெட்டிக் கழிவைத் தேக்கினார்கள். பிடித்துக் கேட்டால் நடக்குது, பார்த்தீங்களா!

லைசென்ஸ் சுற்றுச்சூழல் இலாகா கையில். ஆனால் ஆற்றங்கரையிலும் கால்வாயிலும் அசுத்தம் கொட்டினால் நடவடிக்கை எடுக்க மாநகர் மன்றத்துக்கும் அதிகாரம் உண்டு. 1976-ம் ஆண்டு ஊராட்சிச் சட்டப்படி 2,000 வெள்ளி வரை அபராதம், ஓராண்டு வரை சிறை. 2,000 வெள்ளி ஆலைக்காரருக்கு டீக்காசு. இதை ஏற்றித்தான் ஆகணும்.

ராத்திரியில் மடை திறந்தால் முதலில் நாறுவது நம்ம லயத்துக்குத்தான். தேதி, நேரம், இடம் எழுதி, இலாகாவுக்கும் மன்றத்துக்கும் புகார் கொடுங்க. அதுவரை பிள்ளைகளை அந்த ஆற்றில் குளிக்க விடாதீங்க.