பாலிசி போட்டாச்சு சார்

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் பதினாறு வருஷமாகக் கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்க்கிறேன். இன்றைய கணக்கில் 118. மென்பொருளுக்குப் புதிய பதிப்பு வந்தால் மேசை மேசையாக அலைய வேண்டியதில்லை. சர்வரில் குரூப் பாலிசி இருக்கிறது. விண்டோஸ் 2000 காலத்து வசதி. இன்ன மென்பொருளை இன்ன கம்ப்யூட்டர்களில் ஏற்று என்று அதில் எழுதிவைத்தால், காலையில் சிஸ்டம் கிளம்பும்போதே, யாரும் லாகின் பண்ணுவதற்கு முன் ஏறிவிடும். ஏறிவிட வேண்டும்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி அப்படி எழுதிவைத்தேன். திங்கள் காலை மேலாளர் கேட்டார், எல்லாம் முடிந்ததா என்று. "பாலிசி போட்டாச்சு சார்" என்றேன். நம் அலுவலகங்களில் தடை செய்ய வேண்டிய வாக்கியம் இது.

ஏனென்றால், அன்று ஒரு மெஷினில்கூட ஏறவில்லை. ஈவன்ட் லாகில் 1612 என்ற பிழை: மென்பொருள் இருக்கும் இடத்தை எட்ட முடியவில்லையாம். என் லாகினில் பார்த்தால் அந்த ஃபோல்டர் ஜோராகத் திறக்கிறது. திறக்காமல் என்ன? காலையில் அதன் கதவைத் தட்டுவது நானில்லை. அந்தக் கம்ப்யூட்டர், தன் சொந்தக் கணக்கில். ஆட்களுக்கு அனுமதி கொடுத்தவன் மெஷின்களுக்குக் கொடுக்க மறந்திருந்தேன்.

சரி செய்தேன். செவ்வாய்க்கிழமை எண்ணினால் 41. மீதி 77-இல் பிழைச் செய்திகூட இல்லை. பாலிசி ஏறத்தாழ 90 நிமிடத்துக்கு ஒருமுறை தானே புதுப்பித்துக்கொள்ளும்தான், ஆனால் மென்பொருள் ஏற்றுவதை அப்போது தொடாது. சிஸ்டம் கிளம்பும் நேரத்தில் மட்டுமே. அது உறைக்காமல், கேபிளில் கோளாறா, டிஎன்எஸ்ஸிலா என்று தேடி அரை நாளை வீணடித்தேன்.

மெர்ச்சன்டைசிங் பகுதியில் ஒரு பெண், "தினமும் நான்தாங்ணா ஷட் டவுன் பண்ணிட்டுப் போறேன்" என்று சத்தியம் பண்ணாத குறை. டாஸ்க் மேனேஜரைத் திறந்து அப்டைம் பார்த்தேன். 19 நாள். மெஷின் 19 நாளாக அணையவே இல்லை என்கிறது.

இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒன்று உண்டு. ஷட் டவுன் கொடுத்தால் விண்டோஸின் உள்பகுதி முழுதாக அணைவதில்லை. இருந்த நிலையை டிஸ்க்கில் எழுதிவிட்டுப் படுத்துக்கொள்ளும். காலையில் புதிதாகக் கிளம்புவதில்லை, விட்ட இடத்திலிருந்து எழுகிறது. அதற்குக் கிளம்பும் நேரமே வராததால் பாலிசிக்கும் வேளை வரவில்லை. ரீஸ்டார்ட் கொடுத்திருந்தால் வந்திருக்கும்.

வேடிக்கை என்னவென்றால், முதலில் ஏறிய 41-இல் பெரும்பாலானவை பேக்கிங் பக்கத்து மெஷின்கள். அங்கே யுபிஎஸ் பேட்டரி செத்து மாதக்கணக்காகிறது. கரண்ட் போனால் எல்லாம் பொட்டென்று அணையும், வந்ததும் அசலாகக் கிளம்பும். பேட்டரி வாங்கித் தராத நிர்வாகத்துக்கு நன்றி சொல்லாமல் விட்டேன்.

ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்தி, நெட்வொர்க் வரும்வரை காத்திரு என்ற அமைப்பையும் போட்டேன். வியாழக்கிழமை 112. மீதி ஆறில் பழைய பதிப்பை எப்போதோ யாரோ கையால் ஏற்றியிருக்கிறார்கள். தான் வைக்காததைப் பாலிசி எடுக்காது.

சர்வர் திரையில் நான் இட்ட உத்தரவு தெரிகிறது. அது எத்தனை மெஷினில் நடந்தது என்று காட்டும் கட்டம் அதில் கிடையாது. யாராவது எண்ணியாக வேண்டும். ஆனால் ஒருவன் மேசை மேசையாகப் போய்ப் பதிப்பு எண்ணைக் குறித்தால், கம்ப்யூட்டர்காரன் சும்மா சுற்றுகிறான் என்று பேச்சு வருகிறது. அந்தச் சுற்றலுக்கு ஒரு நாளைச் சம்பளக் கணக்கிலேயே ஒதுக்குங்கள் என்பதுதான் நிர்வாகங்களிடம் நான் கேட்பது. முதலில் ஐந்து மெஷினில் மட்டும் போட்டுப் பார்க்கவும் விடுங்கள். என் ஐந்தில் ஒன்று இனி அக்கவுன்ட்ஸ் அண்ணனுடையது. எது மாறினாலும் முதலில் கத்துவது அவர்தான்.

வெள்ளிக்கிழமை மேலாளர் மறுபடி கேட்டார். "112 சார். மீதி ஆறு மத்தியானத்துக்குள்ள."