ஏட்டில் விளையும் நெல்

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், ஹூஸ்டனுக்குத் தென்மேற்கே இருக்கும் வார்ட்டன் கவுண்டி நெல் விளையும் பூமி. அங்குள்ள எல் காம்போ பகுதியைப் பற்றி 2006-இல் வாஷிங்டன் போஸ்ட் வெளியிட்ட செய்தியை நம் வேளாண் துறையினர் அவசியம் தெரிந்திருக்க வேண்டும். பழைய நெல் வயல்களில் வீடு கட்டிக் குடியேறியவர்களுக்கு, ஒரு நாற்றுகூட நடாமல், நெல்லுக்கான அரசுப் பணம் வந்துகொண்டிருந்தது. நாடெங்கும் 2000 முதல் இப்படிப் பயிர் செய்யாதவர்களுக்குப் போன தொகை 130 கோடி டாலர் என்று அந்த நாளேடு கணக்கிட்டது.

இதில் மோசடி எதுவும் இல்லை. விளைச்சலுக்கு ஏற்பப் பணம் கொடுத்தால் விளைச்சல் பெருகி விலை சரியும் என்று கருதி, 1996-ஆம் ஆண்டுச் சட்டம் மானியத்தைப் பயிரிலிருந்து பிரித்தது. முன்பு எந்த நிலத்தில் எந்தப் பயிர் இருந்ததோ, அந்தப் பழைய பதிவே 'பேஸ் ஏக்கர்' என்ற பெயரில் பணத்துக்கு ஆதாரமாயிற்று. காரணம் நியாயமானதுதான். ஆனால் நிலம் கைமாறினால் பதிவும் கூடவே போய்விடுகிறது.

இப்படிக் கொடுத்த நேரடித் தொகையை 2014-இல் நிறுத்தினார்கள். பேஸ் ஏக்கரை மட்டும் அப்படியே விட்டுவைத்தார்கள். இன்று சந்தை விலை, சட்டம் நிர்ணயிக்கும் குறிப்பு விலைக்குக் கீழே போனால் வித்தியாசம் கிடைக்கும். 100 பவுண்டு நெல்லுக்கு 14 டாலராக இருந்த குறிப்பு விலையை 2025 ஜூலைச் சட்டம் 16.90 ஆக்கியது. சந்தையில் 14.90 என்று வைத்துக்கொள்வோம். ஏட்டில் ஏக்கருக்கு 5,000 பவுண்டு மகசூல் என்றிருந்தால், 85 சதவீதப் பரப்புக்கு மட்டும் கணக்கிட்டு, ஏக்கருக்கு 85 டாலர் வரும். அந்த ஆண்டு அங்கே நெல் நட்டார்களா என்ற கேள்வியே கிடையாது. 2012-இல் ஏரிகள் வற்றி, வார்ட்டன் வட்டார நெல் விவசாயிகளில் பெரும்பாலோருக்கு டெக்சஸின் கொலராடோ ஆற்று நீர் நிறுத்தப்பட்டபோதும் ஏட்டில் நெல் நெல்லாகவே இருந்தது. 2009 முதல் 2017 வரை முழுவதும் தரிசாகவோ புல்லாகவோ கிடந்த பண்ணைகளுக்குப் பணம் இல்லை என்று 2018 சட்டம் கொஞ்சம் கடிவாளம் போட்டது, அவ்வளவுதான்.

உழுபவருக்கு இதில் என்ன கிடைக்கிறது? ரொக்கக் குத்தகை என்றால் பணம் குத்தகைதாரருக்கு, வாரம் என்றால் இருவருக்கும் பங்கு என்பது அங்குள்ள விதி. அப்படியும் ஒரு டாலர் மானியத்தில் சுமார் 25 சென்ட் குத்தகை உயர்வாக நிலக்காரரிடம் போய்ச் சேர்கிறது என்று பொருளியலாளர் பாரெட் கிர்வான் 2009-இல் கணக்கிட்டுக் காட்டினார். மானியம் முழுவதையும் நிலக்காரரே விழுங்கிவிடுகிறார் என்று மேடையில் பேசுவோர் மீதி 75 சென்ட்டையும் சொல்ல வேண்டும்.

நம் பக்கம் குத்தகைதாரருக்குப் பணம் தரும் அந்த விதிகூட இல்லை. பிஎம் கிசானின் 6,000 ரூபாய்க்கு 1.2.2019 அன்று பெயரில் நிலம் இருக்க வேண்டும். காவிரி டெல்டாவில் வாய்மொழிக் குத்தகைக்கு உழுபவர் பயிர்க் காப்பீட்டுக்காகக் கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் வாங்கி வருகிறார். கிசான் பணமோ பட்டாதாரர் கணக்குக்குப் போகிறது. குத்தகை உரிமைப் பதிவேட்டுக்கான சட்டம் 1969-லிருந்தே நம்மிடம் இருக்கிறது. நிலக்காரர் மனம் கோணுமே என்று பலர் அதில் பதிவதில்லை. இப்போது உழவர் அடையாள எண்ணுக்கும் பட்டாவைத்தான் கேட்கிறோம். அந்தப் படிவத்தில் சாகுபடி செய்பவர் பெயருக்குத் தனிக் கட்டம் வேண்டும். அடங்கலைக் கொண்டு அதை ஒவ்வொரு போகமும் திருத்த வேண்டும். களத்தில் இருக்கும் வேளாண் அலுவலர்கள் இதைத் துறைக்கு எழுதினால் எடுபடும்.