ஊறல் எப்போது குற்றமாயிற்று?

முளைகட்டி அரைத்த கேழ்வரகுக்குக் கௌதள்ளிப் பக்கம் ‘ராகி மால்ட்’ என்று பெயர். கைக்குழந்தைக்கு அதைக் கூழாகக் காய்ச்சிக் கொடுப்பார்கள். 2024 முதல் கர்நாடக அரசே அதைப் பாலில் கலந்து பள்ளிப் பிள்ளைகளுக்கு வழங்குகிறது. அதே முளைத்தானியத்தின் இனிப்புச் சாற்றில் ஈஸ்ட் சேர்த்து ஒரு வாரம் மூடிவைத்தால் அதன் பெயர் ‘ஊறல்’ ஆகிவிடுகிறது. தமிழ் நாளிதழ்களில் அச்சொல்லை அடுத்து வரும் சொல் பெரும்பாலும் ‘அழிப்பு’ என்பதே. ஊறுகாயைத் தந்த அதே வினையடிதான் இதையும் தந்தது. ஒன்று அடுக்களையில் தங்கிற்று. மற்றொன்று குற்றப்பதிவேட்டுக்குப் போயிற்று. இப்பிரிவினையை மொழி செய்யவில்லை, சட்டம் செய்தது. அதைக் கேள்வி கேளாமல் வழிமொழிகிறவர்கள் கற்றறிந்த நாம்தாம் என்பதே என் குற்றச்சாட்டு.

முதலில் ‘குற்றம்’ எதுவென்று பார்ப்போம். மால்ட் எக்ஸ்ட்ராக்ட் என்பது முளைகட்டிய பார்லியின் சாற்றைத் தேன்பதத்துக்கு வற்றவைத்த பாகு. ஹார்லிக்ஸ் குடித்து வளர்ந்த எவருக்கும் அந்த மணம் அந்நியமன்று. வீட்டில் ஏல் வகைப் பியரைச் செய்து பழக விரும்பும் புதியவர் இப்பாகிலிருந்து தொடங்குவது வழக்கம். மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் கடினமான கட்டம் அதில் முன்பே முடிந்திருக்கிறது. பாகை நீரில் கரைத்து, ஹாப்ஸ் பூவோடு ஏறத்தாழ ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு, விரைவாக ஆறவைத்து, ஈஸ்ட் இட்டு, 18 முதல் 22 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஓரிரு வாரம் வைக்க வேண்டும். பின்னர்ச் சிறிது சர்க்கரை சேர்த்துப் புட்டியில் அடைத்தால் நுரை கட்டும். நொதித்தல் முடியுமுன் அடைத்தால் புட்டி வெடிக்கலாம். கலத்தின் தூய்மையில் கவனம் பிசகினால் அனைத்தும் புளித்துப்போகும். கிடைப்பது 4 அல்லது 5 விழுக்காடு ஆல்கஹால் உள்ள பானம். உரிமமின்றி மது தயாரிப்பது 1965ஆம் ஆண்டின் கர்நாடக ஆயத்தீர்வைச் சட்டப்படி சிறைத்தண்டனைக்குரிய குற்றம். பெங்களூரின் மதுக்கூடங்கள் உரிமம் பெற்றுத் தம் கூடத்திலேயே பியர் வடிக்கலாம். அது ‘கைவினை’ எனப் போற்றப்படும். விற்கும் எண்ணமே இல்லாத எளியவருக்கு அவ்வழி எட்டாதது.

இனி நம் வகுப்பறைக்கு வருவோம். பெரும்பாணாற்றுப்படை நெற்கள் ஆக்கும் முறையைப் படிப்படியாகச் சொல்கிறது. அரிசியைக் களியாகத் துழாவி, வாயகன்ற கலத்தில் ஆறவிட்டு, முளையைச் சேர்த்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் கழித்து, சாடியில் விளையவைக்கிறார்கள். தானியமுளையின் அமைலேஸ் நொதி மாவுச்சத்தை உடைக்கும் என்பதை அறிவியல் பின்னால் விளக்கிற்று. செய்முறை முன்பே இருந்தது. வீட்டில் ஆக்கிய அந்த நெற்கள்ளுக்குத் ‘தோப்பி’ என்று தனிப்பெயரும் இருந்தது. அகநானூற்றில் அது நடுகல்லுக்குப் படைக்கப்படுகிறது. சோற்றுக்கு உரிய ‘அடுதல்’ என்னும் வினையே கள்ளுக்கும் வந்தது. அதாவது, கள் அடுக்களையின் பொருள். இதை நாம் பண்பாட்டுப் பெருமிதமாகக் கற்பிக்கிறோம். கருத்தரங்கக் கட்டுரையாக்கிச் சான்றிதழும் பெறுகிறோம். அதே செயலை இன்று ஒருவர் செய்தால் முகம் சுளிக்கிறோம். பனுவலில் இருந்தால் மரபு, பானையில் இருந்தால் குற்றம் என்பது என்ன ஆய்வறம்?

கௌதள்ளியின் வரலாறு இங்கே உதவும். முன்பு கொள்ளேகால் வட்டத்தின் பகுதியாக இருந்த இவ்வூர், 1956 நவம்பர் வரை சென்னை மாநிலத்துக் கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. 1937இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948இல் மாகாணம் முழுவதற்கும் விரிந்தது; இங்கும் வந்தது. மொழிவாரிப் பிரிவினையில் ஊர் மைசூர் மாநிலத்துக்குப் போயிற்று; 1997இல் மைசூரு மாவட்டத்திலிருந்து சாமராஜநகர் பிரிந்தபோது அதனோடு சென்றது. மாநிலம் மாறிற்று, மாவட்டம் மாறிற்று, ஆட்சிமொழி மாறிற்று. ஓரிடத்தில் விலக்கப்பட்டது மறு இடத்தில் ஏலத்துக்கும் உரிமத்துக்கும் உரியதாயிற்று. எந்த ஆட்சியிலும் வீட்டுப் பானைக்கு மட்டும் இடம் கிடைக்கவில்லை. வரி செலுத்தாத பானை என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் உண்டா?

மறுப்புகளை நான் அறிவேன். முதலாவது, கள்ளக்குறிச்சி. 2024 ஜூனில் அங்கே அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களைக் கொன்றது சாராயத்தில் கலந்த மெத்தனால் என்னும் தொழிற்சாலை வேதிப்பொருள். தானியச் சாறு நொதிப்பதால் அத்தகைய நச்சளவு உண்டாவதில்லை. நொதித்தல் வேறு, காய்ச்சி வடித்தல் வேறு. ‘கள்ளச்சாராயம்’ என்பதில் உள்ள ‘கள்ள’, களவைக் குறிப்பது. கள் என்னும் பானத்தை அன்று. செவி இரண்டையும் ஒன்றாகக் கேட்கிறது. சட்டமும் அவ்வாறே கேட்பது அவலம்.

இரண்டாவது மறுப்பு கனமானது: குடியால் சிதைவது பெண்களின் வாழ்வு. இதை நான் சிறிதும் மறுக்கவில்லை. ஆனால் 1992இல் நெல்லூர் மாவட்டத்துத் தூபகுண்டாப் பெண்கள் எழுந்தது அரசு ஏலம் விட்ட சாராயத்துக்கு எதிராக. இன்றும் 42.8 விழுக்காட்டுச் சரக்கைத் தெருமுனையில் விற்க வழிசெய்வது அரசுதான். அதை விட்டுவிட்டு 5 விழுக்காட்டுப் பானையை உடைப்பதால் எந்தப் பெண்ணின் கண்ணீர் நிற்கும்?

நான் கேட்பது கட்டற்ற உரிமையன்று. பிரிட்டன் 1963இல் வீட்டுப் பியருக்கான உரிமத்தை நீக்கிற்று. அமெரிக்கா 1978இல், வயதுவந்த ஒருவருக்கு ஆண்டுக்கு 100 கேலன், வீட்டுக்கு அதிகபட்சம் 200 கேலன் என அளவிட்டுக் கூட்டாட்சிச் சட்டத்தில் இடமளித்தது. விற்பனைக்கு இரு நாடுகளிலும் அனுமதியில்லை. நம் நாட்டிலேயே அசாமின் திமாசா மக்களுடைய ‘ஜூடிமா’ அரிசி மது 2021இல் புவிசார் குறியீடு பெற்றது. இங்கும் அளவு குறித்து, வடித்தலையும் விற்பனையையும் விலக்கி, வீட்டு நொதித்தலை மட்டும் அனுமதிக்க இயலும். பழகுபவர் ஒளிந்து பழகவேண்டாத நிலையில்தான் தூய்மையையும் அளவையும் வெளிப்படையாகக் கற்பிக்க முடியும்.

தோப்பியைப் பற்றி அடுத்த கட்டுரை எழுதப்போகும் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். முடிவுரையில் ‘தமிழரின் தொன்மை’ என்று எழுதுமுன், அத்தொழில்நுட்பம் இன்று எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவில் குற்றமாக இருக்கிறது என்பதையும் ஒரு வரி எழுதுங்கள். எழுத மனமில்லையெனில் தொன்மை என்ற சொல்லையும் விட்டுவிடுங்கள்.