'சாப்பிட்டியாம்மா?'வோட இன்னொரு கேள்வியும் கேளுங்க

2024 டிசம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை. ஃபெஞ்சல் புயல் மழையில் திருவண்ணாமலை மலையடிவாரத்தில், வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் சரிந்து ஒரு வீட்டை மூடின. கணவன், மனைவி, 5 குழந்தைகள் என 7 பேர் இறந்தார்கள். குழந்தைகளில் 3 பேர் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள். அதற்கு நான்கு மாதம் முன்புதான், ஜூலை 30 அன்று, வயநாடு நிலச்சரிவில் 200-க்கும் மேற்பட்டோர் இறந்திருந்தார்கள்.

ஒவ்வொரு முறையும் 'இருக்கும்போதே நேசியுங்கள்'னு ஸ்டேட்டஸ் வைக்கிறோம். தப்பில்லை. ஆனா, ரெண்டே நாள்ல 'மீட்டிங்ல இருக்கேன், அப்புறம் பேசறேன்'னு பழையபடி ஆகிடுறோம்.

பாசம் வேலையும் செய்யணும். மழை எச்சரிக்கை வந்த அன்னைக்கு 'சாப்பிட்டியாம்மா?'வோட நிறுத்தாம, 'வீட்டுக்குப் பின்னாடி மண் சரியுதா? ராத்திரி அத்தை வீட்டுக்குப் போயிடுறீங்களா?'னும் கேளுங்க. மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077-ஐ அவங்க போன்ல சேமிச்சுக் கொடுங்க. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் விசாரிங்க.

இது அரசின் பொறுப்பைக் குறைக்காது. அந்த ஆண்டு டிசம்பர் 13, கார்த்திகை தீபத்தன்று, பாதுகாப்பு கருதி பக்தர்கள் மலையேறத் தடை விதித்தார்கள். சரியான முடிவு. ஆனால் பக்தர்களுக்கு அது ஒருநாள் மலை. அடிவாரத்தில் குடியிருப்பவர்களுக்கு தினமும் அதே மலைதான். 'வெளியேறுங்கள்' என்றால், போக ஓர் இடம் வேண்டும். நிரந்தர இடத்தை அரசு தரட்டும். அதுவரை, அந்த ஒரு ராத்திரிக்குக் கதவைத் திறக்க வேண்டியது சொந்தபந்தம் நாமதானே?