முதலிடம் எதை அளக்கிறது?



அண்மையில் மக்ரிபுக்குப் பிந்திய வகுப்பில், ஒரு காணொளியில் சொல்லப்பட்ட செய்தி பிழையானது என்று நாம் விளக்கிக்கொண்டிருந்தோம். மாணவன் ஒருவன் பணிவுடன் எழுந்து, "ஹஜ்ரத், அதைப் பத்து லட்சம் பேர் பார்த்திருக்காங்களே, தப்பா இருந்தா இத்தனை பேர் பார்ப்பாங்களா?" என்று கேட்டான். அன்று அவனுக்கு நிறைவான விடை கூற நம்மால் இயலவில்லை.

வீடு திரும்பும் வழியில் நம் சிறுவயது நினைவு ஒன்று வந்தது. வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த மாமா ஒரு டேப் ரெக்கார்டரும் சில கேசட்டுகளும் கொண்டுவந்திருந்தார். அவற்றுள் ஒன்று போனி எம் குழுவினுடையது. "உலகத்துலேயே நம்பர் ஒன்" என்று மாமா பெருமையாகச் சொல்வார். அந்தக் குழுவின் முகமாக அறியப்பட்ட ஆணும், பாடல்களில் ஒலித்த ஆண்குரலுக்கு உரியவரும் ஒருவர் அல்லர் என்பதை வெகுகாலம் கழித்தே நாம் அறிந்தோம்.

இசை குறித்த மார்க்கச் சட்டத்துக்குள் இங்கு நாம் நுழையவில்லை. அது தனி விவாதம். ஒரு பாடல் முதலிடம் பெற்றது என்னும்போது உண்மையில் என்ன சொல்லப்படுகிறது என்பதே நம் கேள்வி.

அமெரிக்காவின் பில்போர்டு இதழ் 1958 ஆகஸ்ட் 4 அன்று 'ஹாட் 100' என்னும் வாராந்தரப் பட்டியலைத் தொடங்கியது. இசைத்தட்டு விற்பனையையும் வானொலி ஒலிபரப்பையும் சேர்த்துக் கணக்கிட்டு நூறு பாடல்களை அது வரிசைப்படுத்தியது. ஒரு பாடல் முதலிடத்தில் இருந்தால், அந்த வாரம் அது மிகுதியாக விற்றது, மிகுதியாக ஒலித்தது என்பதே பொருள். அதற்குமேல் அந்த எண் எதையும் சொல்வதில்லை.

அந்தக் கணக்கும் நெடுங்காலம் வாய்ச்சொல்லை நம்பியே இருந்தது. எது நன்றாக விற்கிறது என்று கடைக்காரர்கள் சொன்னதைத் திரட்டியே பட்டியல் போட்டார்கள். 1991-இல்தான் கடைக் கல்லாவில் பார்கோடு வழியே பதிவாகும் விற்பனைக் கணக்கைப் பில்போர்டு ஏற்றுக்கொண்டது. உடனே இசைத்தொகுப்புப் பட்டியலில் கன்ட்ரி, ராப் வகைகள் மேலேறின. மக்களின் ரசனை ஒரே வாரத்தில் மாறிவிடவில்லை, தராசுதான் மாறியது. ஆகவே எந்த எண்ணைக் கண்டாலும், இதை எண்ணியவர் யார், எப்படி எண்ணினார் என்று கேட்பது நம் கடமை.

சரி, எண்ணிக்கை முற்றிலும் நேர்மையானது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அது எதற்குச் சாட்சி?

போனி எம் குழுவை உருவாக்கியவர் ஜெர்மானியத் தயாரிப்பாளர் ஃபிராங்க் ஃபாரியன். 1978-இல் அக்குழுவின் 'ரிவர்ஸ் ஆஃப் பாபிலோன்' பிரிட்டனில் ஐந்து வாரங்கள் முதலிடத்தில் நின்றது. மேடையில் ஆடி அனைவரையும் கவர்ந்தவர் பாபி ஃபாரல். இசைத்தட்டுகளில் ஒலித்த ஆண்குரலோ ஃபாரியனுடையது. பத்தாண்டுகள் கழித்து அதே தயாரிப்பாளர் 'மில்லி வனிலி' என்ற பெயரில் இரண்டு இளைஞர்களை முன்னிறுத்தினார். 1989-இல் அமெரிக்காவில் மூன்று பாடல்கள் முதலிடம் பெற்றன. 1990 பிப்ரவரியில் சிறந்த புதுக் கலைஞருக்கான கிராமி விருதும் கிடைத்தது. அவ்விருவரும் பாடவே இல்லை, பாடியவர்கள் வேறு என்ற உண்மையை நவம்பரில் ஃபாரியனே ஒப்புக்கொண்டார். விருது திரும்பப் பெறப்பட்டது. ஏளனம் முழுவதும் அந்த இளைஞர்கள் தலையில் விழுந்தது. அவர்களுள் ஒருவரான ராப் பிலாட்டஸ் 1998-இல் இறந்தார்.

இங்கே எண்ணிக்கை பொய் சொல்லவில்லை. மக்கள் உண்மையாகவே வாங்கினார்கள். எத்தனை பேர் வாங்கினார்கள் என்பது மெய். அவர்கள் வாங்கியது மெய்யா என்பதை அந்த எண்ணால் சொல்ல முடியவில்லை.

கூட்டத்தின் விருப்பத்துக்கு உள்ள இதே குறை கூட்டத்தின் வெறுப்புக்கும் உண்டு. 1978-இல் 'சாட்டர்டே நைட் ஃபீவர்' படத்தின் இசைத்தொகுப்பு அமெரிக்காவில் தொடர்ந்து 24 வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. மறு ஆண்டு ஜூலை 12 அன்று, சிகாகோவின் கொமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானத்தில் டிஸ்கோ இசைத்தட்டுகளைக் குவித்து வெடிவைத்துத் தகர்த்தார்கள். தட்டு ஒன்றைக் கொண்டுவருவோருக்கு நுழைவுக் கட்டணம் 98 சென்ட் மட்டுமே. கூட்டம் மைதானத்துக்குள் பாய்ந்ததால் அன்றைய இரண்டாம் ஆட்டமே நடைபெறவில்லை. வந்து குவிந்தவற்றுள் டிஸ்கோவோடு தொடர்பே இல்லாத கறுப்பினக் கலைஞர்களின் தட்டுகளும் இருந்ததாக, அங்கு பணியாற்றிய கறுப்பின இளைஞர் ஒருவர் பின்னாளில் சொன்னார். ஓர் இசைவகை மீதான வெறுப்பு மனிதர்கள் மீதான வெறுப்பாக மாற அதிக நேரம் ஆகவில்லை.

அந்த இசைத்தொகுப்பின் நாயகர்களான பீ ஜீஸ் சகோதரர்களை அதன்பின் அமெரிக்க வானொலிகள் ஒதுக்கின. ஆனால் அவர்கள் எழுதிக்கொடுக்க, பார்பரா ஸ்ட்ரைசாண்ட் பாடிய 'வுமன் இன் லவ்' 1980-இல் முதலிடம் பெற்றது. கென்னி ரோஜர்ஸும் டாலி பார்ட்டனும் பாடிய 'ஐலண்ட்ஸ் இன் த ஸ்ட்ரீம்' 1983-இல் முதலிடம் பெற்றது. அதே கைகள், அதே உழைப்பு. உறையின் மேல் வேறு பெயர். தாம் வெறுத்தவர்களின் பாடலையே அறியாமல் விரும்பிக் கேட்டவர்கள் எத்தனை பேரோ!

இதையெல்லாம் பிறரைக் குறைகூற நாம் எழுதவில்லை. நம் ஜும்ஆ பயான் ஒன்றை இளைஞர்கள் இணையத்தில் ஏற்றியபோது, இஷாவுக்குப் பின் கைபேசியை எடுத்து, எத்தனை பேர் பார்த்தார்கள் என்று மூன்று முறை பார்த்தவர்கள் நாம். எண் ஏறியபோது மனம் மகிழ்ந்தது. அடுத்த பயானுக்குக் குறிப்பெடுக்க அமர்ந்தபோது, மக்களுக்கு எது தேவை என்பதை விட எது அதிகம் பார்க்கப்படும் என்ற எண்ணமே முந்திக்கொண்டு வந்தது. அந்த நொடியில்தான் மாணவனின் கேள்வி நம்மைச் சுட்டது. அவனுக்கு அந்த அளவுகோலைக் கையளித்தவர்களுள் நாமும் ஒருவர் அல்லவா?

மறுவாரம் அவனிடம் சொன்னோம்: "பத்து லட்சம் என்பது, எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற கேள்விக்கு விடை. அதில் சொன்னது உண்மையா என்பது வேறு கேள்வி. அதற்கு விடை வேண்டுமானால் சொன்னவரையும் அவருடைய ஆதாரத்தையும் நீ தேட வேண்டும்." மில்லி வனிலியின் கதையையும் சொன்னோம். வகுப்பே சிரித்தது. அவன் மட்டும், "அப்போ உண்மையாப் பாடினவங்க பேர் என்ன ஹஜ்ரத்?" என்று கேட்டான். சார்லஸ் ஷா, ஜான் டேவிஸ், பிராட் ஹோவெல் என்ற பெயர்களைப் பலகையில் எழுதினோம்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளைகள் ஒரு பெரிய எண்ணைக் காட்டி வாதிடும்போது அதட்டாதீர்கள். அந்த எண்ணுக்குப் பின்னால் இருப்பதைத் தேடச் சொல்லுங்கள். அளவையில் நேர்மையையும் உள்ளத்தில் தெளிவையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.