கல்லானாலும் மனைவி?

"கல்லானாலும் கணவன்" என்று பெண்ணுக்குப் போதித்த வைதீகர்கள், "கல்லானாலும் மனைவி" என்று ஆணுக்கு ஏன் ஒரு பழமொழி செய்யவில்லை? 1955-ம் வருஷத்து இந்து விவாகச் சட்டமும் கொடுமைக்காரனை விட்டுப் பிரிந்திருக்கத்தான் இடங்கொடுத்தது. கொடுமையைக் காட்டி நேராக விவாகரத்துக் கேட்க 1976-ம் வருஷத்துத் திருத்தம் வரவேண்டியிருந்தது. அதாவது 21 வருஷம்! 2005-ம் வருஷத்துக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டமோ, வீடு அவள் பேரில் இல்லாவிட்டாலும் அதில் குடியிருக்க அவளுக்கு உரிமையுண்டு என்கிறது. அடிக்கும் புருஷனையே வெளியேறும்படி மாஜிஸ்ட்ரேட் உத்தரவிடலாம். ஆனால், அடிபட்டு வாசலில் வந்து நிற்கும் மகளை, "குடும்ப மானம் போகும், அனுசரித்துப் போ" என்று தகப்பனே திருப்பியனுப்பினால் சட்டம் என்ன செய்யும்? ஏட்டுச் சுரைக்காய் கறிக்குதவுமா? பெற்ற பெண்ணை மறுபடியும் அடிக்கக் கொடுப்பதுதான் மானமா என்று கேட்கின்றோம்.