சாகும் வரை கவனிப்போம் என்றார்கள்!

அமெரிக்காவில் முதியோருக்கென்றே தனிக் குடியிருப்புகள் உண்டு. சேரும்போது ஒரு பெருந்தொகை கட்டவேண்டும். பலர் சொந்த வீட்டை விற்றுத்தான் கட்டுகிறார்கள். மாதக் கட்டணம் வேறு. வீடு, சாப்பாடு, படுத்துவிட்டால் நர்சு, எல்லாம் கடைசி வரை கிடைக்கும் என்பது பேச்சு.

கலிபோர்னியாவில் "பசிபிக் ஹோம்ஸ்" என்ற நிறுவனமும் இப்படித்தான் வாக்குக் கொடுத்தது. விலைவாசி ஏறியது. சேர்ந்தவர்களோ, போட்ட கணக்கைவிட அதிக நாள் வாழ்ந்தார்கள். (அது அவர்கள் குற்றமா?) புதிதாக வந்தவர்களின் பணத்தை எடுத்துப் பழையவர்களுக்குச் செலவு செய்தார்கள். 1977-ல் நிறுவனம் திவாலாகிவிட்டது! முதியவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 1980-ல்தான் சமரசம் ஏற்பட்டது.

இன்றும் ஒப்பந்தங்கள் பலவிதம். சிலவற்றில் மாதக் கட்டணம் குறைவு. ஆனால் நர்சு உதவி தேவைப்படும் நாளில் முழுச் செலவும் முதியவர் தலையில் விழும். நீண்ட நாள் பராமரிப்புக்கு "மெடிகேர்" என்ற அரசு இன்சூரன்சும் பணம் தராது. காலி செய்தால் முன்பணம் திரும்புமா? பல இடங்களில், அந்த வீட்டுக்கு வேறு ஆள் வந்த பிறகே கிடைக்கும்.

ஆகவே கையெழுத்துப் போடுமுன், மாதக் கட்டணம் ஆண்டுதோறும் எவ்வளவு ஏறியது என்று கேட்கவேண்டும். நிறுவனத்துக்குக் கடன் எவ்வளவு என்றும் கேட்கலாம், கூச்சப்பட வேண்டியதில்லை.